விளக்கு மினுக்குகிறதா, மங்குகிறதா? எங்கே தொடங்கிப் பார்ப்பது

விளக்கு விட்டு விட்டு எரிந்தால் நம் வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கும். கடைக்கு ஓடிப் புது பல்பு வாங்கி வந்து மாட்டுவார்கள். அதுவும் மினுக்கினால், "இன்றைக்குக் கரண்டே சரியில்லை" என்று மின்வாரியத்தின் தலையில் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். சில சமயம் அது சரியாகவும் இருந்துவிடும். ஆனால் பல்புக்கும் தெருமுனை டிரான்ஸ்பார்மருக்கும் நடுவில் ஹோல்டர், சுவிட்சு, எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்சு), மீட்டர், கட்-அவுட் (பியூஸ் கட்டை), சர்வீஸ் வயர் என்று ஒரு நீண்ட வழி கிடக்கிறது. கோளாறு பெரும்பாலும் அந்த வழியில் எங்கோ ஒரு திருகு தளர்ந்த இடத்தில்தான் இருக்கும். அது எந்தப் பக்கம் என்பதைக் கருவி எதுவும் இல்லாமலே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். மின்வேலை தெரியாதவர்களுக்காக, தமிழ்நாட்டு வீடுகளின் வயரிங்கை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி: எத்தனை விளக்கு? ஒன்று மட்டும் மினுக்கினால் பல்பையோ ஹோல்டரையோ பாருங்கள். ஓர் அறை முழுவதும் என்றால் அந்த அறையின் சுவிட்சு போர்டு. வீடு முழுவதும் என்றால் மெயின் போர்டிலிருந்து மின்கம்பம் வரைக்கும். பக்கத்து வீட்டிலும் அப்படித்தான் என்றால் உங்கள் வேலை தொலைபேசியை எடுப்பதோடு முடிந்தது. இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் திருப்புளியைக் கையில் எடுக்கக் கூடாது.

உடனே மெயினை அணைக்க வேண்டிய நேரம்

மற்றதையெல்லாம் நிதானமாகப் பார்க்கலாம். இதை மட்டும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு அறையில் விளக்கு மங்குகிறது, அதே நேரத்தில் இன்னோர் அறையில் விளக்கு வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரிகிறது, மின்விசிறி பேய் பிடித்ததுபோலச் சுற்றுகிறது என்றால், யோசிக்காமல் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். மின்சாரம் திரும்பிப் போகும் வயரான நியூட்ரல் அறுந்திருக்கிறது, அல்லது அறுந்துகொண்டிருக்கிறது.

காரணம் இது. டிரான்ஸ்பார்மரிலிருந்து மின்சாரத்தைக் கொண்டுவரும் மூன்று பேஸ் வயர்களும் ஒரு நியூட்ரலும் வருகின்றன. ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். இரண்டு பேஸுக்கு நடுவே சுமார் 400 வோல்ட். நியூட்ரல் இருக்கும்வரை ஒவ்வொரு பேஸும் தன் 230-ஐ மட்டுமே கொடுக்கும். நியூட்ரல் போய்விட்டால், ஒரு பேஸில் உள்ள கருவியும் இன்னொரு பேஸில் உள்ள கருவியும் வரிசையாக இணைந்து அந்த 400 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். பங்கு சமமாக இருக்காது. ஒரு பக்கம் 2,000 வாட் கீசர், மறுபக்கம் 40 வாட் விளக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய முழு 400 வோல்ட்டும் அந்தச் சின்ன விளக்கின் தலையில்தான் விழும். விளக்கு இருந்த இடத்தில் டிவியையோ, சார்ஜரில் மாட்டிய போனையோ வைத்துப் பாருங்கள். ஒரே நிமிடத்தில் ஒரு வீட்டின் கருவிகள் அனைத்தும் புகைந்துபோவது இப்படித்தான்.

எங்கள் வீட்டில் சிங்கிள் பேஸ்தானே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. உங்கள் வீட்டுக்குள் நியூட்ரல் அறுந்தால் விளக்கு அணைந்துபோகும், அவ்வளவுதான். ஆனால் தெருக் கம்பியிலோ, அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது மீட்டர் பலகையிலோ அறுந்தால், அடுத்த வீட்டுக் கீசர் உங்கள் வீட்டு டிவியோடு கூட்டுச் சேர்ந்துவிடும். எம்சிபி இதைத் தடுக்காது. மின்னோட்டம் அளவுக்கு மேல் போனால்தான் அது விழும். இங்கே ஏறியிருப்பது வோல்டேஜ்.

மெயினை அணைத்தபின் மீண்டும் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். மீட்டர் பலகையில் சடசட சத்தம், பொறி, கருகிய நாற்றம், சுவிட்சு போர்டுப் பக்கம் காரணமில்லாமல் வரும் கருவாட்டு வாடை ஆகியவற்றுக்கும் இதே விதி. சூடேறும் சில பிளாஸ்டிக்குகள் அப்படித்தான் நாறும். சமையலறையில் அந்த வாடையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

தொடுவதற்கு முன் கவனிப்பது

இந்த ஆபத்துகள் எதுவும் இல்லையென்றால் ஒரு தாளை எடுத்து இரண்டு மூன்று நாள் குறித்துக்கொண்டு வாருங்கள். எந்த நேரத்தில் மினுக்குகிறது? அந்த நொடியில் வீட்டில் எது ஓடத் தொடங்கியது? காற்று அடித்ததா, மழை பெய்ததா? பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டீர்களா? வயர்மேன் வந்து நிற்கும்போது விளக்கு ஒழுங்காக எரியும். இது எழுதப்படாத சட்டம். அப்போது இந்தத் தாள்தான் உங்கள் சாட்சி.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. குண்டு பல்பு இருந்த காலத்தில் வோல்டேஜ் குறைந்தால் கண்ணுக்கே தெரியும். 10 சதவீதம் வோல்டேஜ் இறங்கினால் அதன் வெளிச்சம் 30 சதவீதம் குறைந்துவிடும். நல்ல எல்இடி பல்போ, உள்ளே இருக்கும் மின்சுற்று சமாளித்துவிடுவதால், 170 வோல்ட்டிலும் 240 வோல்ட்டிலும் ஒரே மாதிரி எரியும். விளக்கு நன்றாக எரிகிறது, மின்விசிறி மட்டும் சோர்ந்து சுற்றுகிறது என்றால், வோல்டேஜ் குறைந்திருக்கிறது, எல்இடி அதை மறைக்கிறது என்று பொருள். அதனால்தான் பழைய வயர்மேன்கள் பையில் இன்னமும் ஒரு 60 வாட் குண்டு பல்பை ஹோல்டரும் இரண்டு முழம் வயருமாகச் சுற்றி வைத்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு விளக்கு என்றால்

பல்பைக் கழற்றி, நன்றாக எரியும் இன்னோர் இடத்தில் மாட்டுங்கள். அங்கிருந்த பல்பை இங்கே மாட்டுங்கள். மினுக்கல் பல்போடு சேர்ந்து போனால் பல்பு மோசம். ஹோல்டரோடு தங்கிவிட்டால் ஹோல்டர் மோசம்.

மாட்டுவதற்கு முன் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பல வீடுகளில் சுவிட்சை பேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருப்பார்கள். அப்படியிருந்தால் சுவிட்சை அணைத்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் காத்திருக்கும். மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். மெயினை அணைத்த கணமே அது தன் கடமையைச் செய்யத் தொடங்கிவிடும் என்பது பலருக்கு ஏணியில் நிற்கும்போதுதான் ஞாபகம் வருகிறது. டெஸ்டரை முதலில் மின்சாரம் இருக்கும் இடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துவிட்டு, அணைத்தபின் ஹோல்டரில் வைத்துப் பாருங்கள்.

நம் ஊரில் பெரும்பாலும் இருப்பது அழுத்தித் திருப்பி மாட்டும் பின் வகை ஹோல்டர். அதை எட்டிப் பார்த்தால் உள்ளே இரண்டு பித்தளைப் பின்கள் தெரியும். அவற்றின் பின்னால் சிறு ஸ்பிரிங்குகள் உண்டு. மர ஈர்க்கால் பின்னை அழுத்திப் பாருங்கள். விட்டவுடன் துள்ளி மேலே வர வேண்டும். ஒன்று அமுங்கியே கிடந்தால், அல்லது நுனி கறுத்துக் குழிந்திருந்தால், பல்பின் அடியில் உள்ள ஈயப் புள்ளியைப் பாருங்கள். அங்கும் கரி பிடித்த ஒரு சிறு பள்ளம் இருக்கும். மாதக்கணக்கில் அங்கே நுண்ணிய பொறி பறந்துகொண்டிருந்ததன் தடம் அது. சுரண்டி, ஊதி, மறுபடி மாட்டுவதில் அர்த்தமில்லை. ஸ்பிரிங் ஒருமுறை சூட்டில் தளர்ந்தால் அதன் வலு திரும்பாது. புது ஹோல்டர் ஐம்பது ரூபாய்கூட ஆகாது.

பல்புதான் காரணம் என்றால் அது மலிவு விலை எல்இடியாக இருக்க வாய்ப்பு அதிகம். வோல்டேஜ் சற்று அசைந்தாலும் இவை துடிக்கும். போன் கேமராவில் பல்பைப் பார்க்கும்போது திரையில் கறுப்புப் பட்டைகள் அழுத்தமாக ஓடினால், அது நொடிக்கு 100 முறை துடிக்கிறது என்று அர்த்தம். கண்ணுக்கு நேரடியாகத் தெரியாது, சிலருக்குத் தலைவலி தரும். படிக்கும் மேசைக்கு இப்படிப்பட்ட பல்பைப் போடாதீர்கள். கண்ணை மிகவும் உறுத்தும் மினுக்கம் நொடிக்கு 8, 9 முறை வருவது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும், பழைய குண்டு பல்புக்கான டிம்மரில் சாதாரண எல்இடியை மாட்டினாலும் அது பதறும். டிம்மரோடு இயங்கும் வகை எனப் பெட்டியில் எழுதியிருக்க வேண்டும்.

அணைத்த பிறகும் எல்இடி மின்மினிபோல் மங்கலாக எரிவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. சுவிட்சில் சிவப்பு இண்டிகேட்டர் இருந்தால் அதன் வழியே கசியும் சிறு மின்னோட்டமே அதற்குப் போதும். மாடிப்படி விளக்கின் டூ-வே வயரிங்கிலும் (ஒரே விளக்குக்கு மேலும் கீழும் இரண்டு சுவிட்சு) இது வரும். ஆபத்தில்லை. ஆனால் இண்டிகேட்டரும் இல்லை, டூ-வேயும் இல்லை என்றால் நான் முன்பு சொன்ன நியூட்ரல் சுவிட்சாக இருக்கலாம். அதை மாற்றியே ஆக வேண்டும்.

டியூப் லைட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முனை கறுத்திருந்தால் டியூப்பும், முனை மட்டும் சிவந்து எரிந்து நின்றுவிட்டால் ஸ்டார்ட்டரும் மாற்ற வேண்டியவை. மாற்றும்போது எல்இடிக்கே போய்விடுங்கள்.

ஓர் அறை முழுவதும் என்றால்

இங்கேதான் கவனம் வேண்டும். வீட்டு வயரிங்கில் ஒரு போர்டிலிருந்து அடுத்த போர்டுக்குத் தாவித் தாவிப் போகும். நடுவில் ஒரு திருகு தளர்ந்தால் அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் மினுக்கும்.

தளர்ந்த இணைப்பு ஏன் ஆபத்து என்று ஒரு கணக்கில் சொல்லிவிடுகிறேன். அந்த இணைப்பில் வெறும் அரை ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் வழியே 10 ஆம்பியர் ஓடினால் 5 வோல்ட் அங்கேயே காணாமல்போகும். விளக்கில் அது தெரியவே தெரியாது. ஆனால் 50 வாட் வெப்பம் அந்த ஒரு திருகு இருக்கும் இடத்தில், பிளாஸ்டிக் பெட்டிக்குள், சுவருக்கு நடுவில் உண்டாகிக்கொண்டிருக்கும். சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதிலேயே ஈயம் உருகுகிறது. சூடேறிக் குளிர்ந்து, சூடேறிக் குளிர்ந்து இணைப்பு மேலும் தளரும். எம்சிபி விழாது, ஏனென்றால் ஓடுவது நியாயமான 10 ஆம்பியர்தான். மின்கசிவைக் கண்டால் விழும் ஆர்சிசிபியும், இங்கே கசிவு இல்லாததால், விழாது. எம்சிபி விழவில்லையே, அதனால் வீட்டுக்குள் கோளாறு இல்லை என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

கண்டுபிடிக்கக் கையே போதும். அறையில் அயர்ன் பாக்ஸ் போன்ற ஒன்றைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, சுவிட்சு போர்டின் முகத்தைப் புறங்கையால் தொடுங்கள். ஒரு சுவிட்சின் மேல் மட்டும் சூடு தெரிந்தால், பிளக் பாயிண்ட்டின் ஓரம் பழுப்பேறியிருந்தால், இடம் அதுதான். மெயினை அணைத்துப் போர்டைத் திறந்தால் ஒரு வயரின் உறை நுனியில் மட்டும் கறுத்து இறுகி, செம்பு பளபளப்பு இழந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். கறுத்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, புதுச் செம்பு தெரியும்வரை சீவி, இழைகளை முறுக்கி மடித்து, திருகை இறுக்க வேண்டும். பழகாதவர்கள் இந்த இடத்தில் வயர்மேனைக் கூப்பிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வந்தவர் இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றிவிட்டு எழுந்தால் மட்டும் விடாதீர்கள். கனெக்டர் போடச் சொல்லுங்கள்.

ஏதாவது ஓடத் தொடங்கும்போது மட்டும் என்றால்

பிரிட்ஜ், தண்ணீர் மோட்டார், பழைய வகை ஏசி எல்லாம் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். 6 ஆம்பியரில் ஓடும் மோட்டார் 30 ஆம்பியரை இழுத்துக்கொண்டு கிளம்பும். அந்த நொடியில் விளக்கு ஒருமுறை தலையாட்டினால் அது இயல்பு. இன்வெர்ட்டர் ஏசி மெல்லக் கிளம்புவதால் இது தெரியாது.

இயல்பல்லாதவை எவை? மோட்டார் ஓடும் நேரம் முழுவதும் விளக்கு மங்கியே இருப்பது. போன வருடம் இல்லாத மங்கல் இந்த வருடம் வந்திருப்பது. மிக்சி போட்டால்கூட மங்குவது. வயர் மெலிதாக இருக்கலாம், இணைப்பு தளர்ந்திருக்கலாம். 30 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 10 ஆம்பியர் ஓடினால், போய் வரும் வழியில் சுமார் 7 வோல்ட் இழப்பு. அதிலேயே கீசரையும் சேர்த்தால் இரட்டிப்புக்குக் கிட்டே போகும். விளக்குக்கு 1.5, பிளக் பாயிண்ட்டுக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் எனத் தனித்தனியாக இழுப்பது இதனால்தான். பழைய வீட்டில் ஏசியை மட்டும் புதிதாக மாட்டி, வயரைத் தொடாமல் விட்டவர்கள் இந்தப் பத்தியை இன்னொருமுறை படிக்கலாம்.

வீடு முழுவதும் என்றால்

இனி ஒரு மல்டிமீட்டர் வேண்டும். கடைகளில் கிடைக்கும் மஞ்சள் நிற மலிவு மீட்டரே போதும். ஆனால் அதில் மூன்று துளைகள் இருக்கும். சிவப்பு வயர் '10 ஏ' என்று எழுதிய துளையில் இருக்கும்போது பிளக் பாயிண்ட்டில் குத்தினால் நேரடி ஷார்ட், கையிலேயே வெடிக்கும். வோல்ட் என்று குறித்த துளையில் மாட்டி, நடுவில் உள்ள குமிழை மாறுமின்னோட்டத்துக்கான (ஏசி) 750 வோல்ட்டுக்குத் திருப்பி, இரண்டுமுறை சரிபார்த்துவிட்டுக் குத்துங்கள். பயமாக இருந்தால் பிளக்கில் செருகினாலே எண் காட்டும் சிறிய வோல்ட் மீட்டர் கிடைக்கிறது. அதை வாங்குங்கள்.

நம் பெயரளவு வோல்டேஜ் 230. அதிலிருந்து 6 சதவீதம் ஏறி இறங்கலாம் என்பது நெடுநாள் விதி. அதாவது 216 முதல் 244 வரை. முதலில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அளந்து எழுதுங்கள். பிறகு கீசரைப் போட்டு, வேறொரு பிளக்கில் அளந்து எழுதுங்கள். 5, 6 வோல்ட் இறங்கினால் கவலையில்லை. 20 வோல்ட் இறங்கினால் எங்கோ ஓர் இணைப்பு வெந்துகொண்டிருக்கிறது.

இப்போது ஒரு நுட்பம். எர்த் ஒழுங்காக இருக்கும் வீட்டில், கீசர் ஓடும்போதே பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்து பாருங்கள். நியூட்ரலோடு அளந்தபோது இறங்கிய வோல்டேஜ் எர்த்தோடு அளக்கும்போது இறங்காமல் நின்றால், கோளாறு நியூட்ரல் வழியில். இரண்டிலும் இறங்கினால் பேஸ் வழியில். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே சில வோல்ட்டுக்கு மேல் காட்டி, சுமை ஏற ஏற அதுவும் ஏறினால், நியூட்ரலைப் பற்றிய சந்தேகம் உறுதியாகிவிடும். பிளக்கின் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரிந்தால் நியூட்ரல் முழுதாகவே அறுந்துவிட்டது. டெஸ்டர் எரிகிறது, கரண்ட் இருக்கிறது, ஆனால் எதுவும் ஓடவில்லை என்று குழம்புகிற வீடுகளில் நடப்பது இதுதான்.

மீட்டருக்கு இந்தப் பக்கம் வீட்டுக்காரர் பொறுப்பு. மெயின் சுவிட்சின் திருகுகள், நியூட்ரல் இணைப்புக் கட்டை ஆகியவற்றை வயர்மேன் இறுக்கலாம். மீட்டர், அதன் சீல், அதற்கு அந்தப் பக்கம் உள்ள எதிலும் கைவைக்கக் கூடாது. அங்கே நிற்கும் வழக்கமான குற்றவாளி, மின்கம்பத்திலிருந்து வரும் அலுமினிய சர்வீஸ் வயர் செம்பு வயரைச் சந்திக்கும் இடம். அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. அழுத்தத்தில் அது மெல்ல நசுங்கி விலகவும் செய்யும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இந்த வேலையை விரைவாக முடித்துவைக்கும். காற்றடிக்கும்போது மட்டும் வீடு முழுவதும் மினுக்கினால், வேறு எங்கும் தேட வேண்டாம், கம்பத்தில்தான். இரவில் தூரத்தில் நின்று பாருங்கள். கம்பத்து இணைப்பில் நீலப் பொறி தெரிந்தாலும் தெரியும்.

தெருவுக்கே என்றால்

மாலை ஆறு மணிக்கு மேல் இறங்கி, நள்ளிரவில் தானாகச் சரியாகிவிட்டால் டிரான்ஸ்பார்மருக்குச் சுமை தாங்கவில்லை, அல்லது உங்கள் வீடு லைனின் கடைசியில் இருக்கிறது. காலை, மாலை, இரவு என மூன்று வேளை அளந்த எண்களோடு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகார் கொடுங்கள். மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்திருங்கள். "லோ வோல்டேஜ்" என்று மட்டும் சொல்லாமல், "இரவு எட்டு மணிக்கு 178 வோல்ட், இந்தத் தெருவில் நாலு வீட்டில் இதே நிலை" என்று சொன்னால் கேட்பவருக்கு டிரான்ஸ்பார்மர் பக்கம் பார்க்கத் தோன்றும். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நாலு வீட்டுக்காரர்களும் தனித்தனியாகப் புகார் செய்தால் இன்னும் நல்லது.

வீட்டுக்கு வீடு ஸ்டெபிலைசர் வாங்குவது எனக்கு உடன்பாடில்லை. பிரிட்ஜைக் காப்பாற்ற ஒன்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், 180 வோல்ட் பக்கம் வந்தால் கம்பிரசர் கிளம்பாமல் முனகிச் சூடேறும். ஆனால் ஸ்டெபிலைசர் வோல்டேஜை ஏற்றுவதற்காகத் தெருக் கம்பியிலிருந்து கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. பத்து வீடு வாங்கினால் பதினோராவது வீட்டில் விளக்கு இன்னும் மங்கும். வீட்டுக்குள் தளர்ந்த இணைப்பு இருந்தால், அதன் வழியே ஓடும் மின்னோட்டமும் கூடும்.

இன்வெர்ட்டர் அடிக்கடி 'டக் டக்' என்று மாறி விளக்கு கண்சிமிட்டினால், அதன் பின்புறம் உள்ள யுபிஎஸ் சுவிட்சைப் பாருங்கள். அது 'யுபிஎஸ்' நிலையில் இருந்தால், 180 வோல்ட்டுக்குக் கீழே வந்ததுமே பல இன்வெர்ட்டர்கள் பேட்டரிக்குத் தாவும். கணினி இல்லாத வீட்டில் சாதாரண நிலைக்கு மாற்றிவிடலாம்.

வயர்மேன் வந்தபிறகு

உரிமம் உள்ளவரைக் கூப்பிடுங்கள். உங்கள் தாளைக் கொடுங்கள்: எத்தனை விளக்கு, எப்போது, எது ஓடும்போது, எத்தனை வோல்ட். வேலை முடிந்ததும் ஒரு விளக்கைப் போட்டுக் காட்டி, "எரிகிறது பாருங்கள்" என்பார். அதை ஒப்புக்கொள்ள வேண்டாம். கீசரையும் கிரைண்டரையும் சேர்த்து ஓடவிட்டு, முன்பு அளந்த அதே பிளக்கில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். பழைய எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கூலியைக் கொடுங்கள். மறுநாள் அதே சுமை ஓடும்போது, அவர் கைவைத்த போர்டைப் புறங்கையால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். சூடு இருந்தால் அன்றைக்கே திரும்பக் கூப்பிடுங்கள்.